வராதவர்களின் பொட்டலங்கள்

ஜனாதிபதித் தேர்தலில் நபீஸாவுக்குக் கிடைத்த பங்கு எண்ணூறு பொட்டலம் டான்பௌ. டான்பௌ என்பது நம் பிரியாணிதான். ரங்கூனுக்கு வந்த இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டது. இந்த ஊரில் பெயரை மாற்றிக்கொண்டுதான் பலரும் பிழைத்தார்கள் என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆர்டர் கொடுக்க வார்டு நிர்வாகி ஊ தௌங் பே நேரிலேயே வந்தார். இந்த ஊரில் ஆண்கள் பெயருக்கு முன்னால் ஊ, பெண்கள் பெயருக்கு முன்னால் டோ என்று மரியாதைக்குச் சேர்ப்பார்கள். அவர் தெருவுக்குள் காலெடுத்து வைத்தால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது வழக்கம். அன்றும் சாத்திக்கொண்டன. நபீஸாவால் மட்டும் சாத்த முடியவில்லை. அதற்குள் அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, விசிறியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டார். கூடவே வார்டு ஆபீஸ் கிளார்க் ஏசுரத்தினம். தமிழ்ப் பிள்ளைதான், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நபீஸாவுக்குப் பர்மியம் நன்றாகவே தெரியும் என்றாலும், மொழிபெயர்க்க ஒருவன் நின்றால்தான் அரசாங்கம் பேசுகிறது என்று ஜனங்களுக்குப் புரியும் என்பது ஊ தௌங் பேயின் கொள்கை.

"இந்தத் தேர்தல் முழுக்க முழுக்கச் சுதந்திரமானது, டோ நபீஸா" என்றார் அவர். "விரும்புகிறவர்கள் வரலாம். விரும்பாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் யார் யார் என்று மட்டும் எங்களுக்குத் தெரிந்தால் போதும்."

மேலிடத்தில் வாக்காளர் உற்சாகக் குழு என்று ஒன்று அமைத்திருந்தார்கள். உற்சாகம் தானாக வருகிற இடங்களுக்கு அந்தக் குழு போவதில்லை. இந்த வார்டுக்கு மூன்று முறை வந்துவிட்டது. மூன்றாம் முறை வந்தபோதுதான், ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலம் என்று முடிவாயிற்று.

"ஓட்டுக்குச் சோறு குடுத்தா தப்புன்னு சொல்வாங்களே, ஊ?" என்று நபீஸா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஓட்டுப் போடுவதற்கு முன்னால் கொடுத்தால் லஞ்சம். போட்ட பிறகு கொடுத்தால் உபசாரம். நாம் சட்டத்தை மதிக்கிறவர்கள்" என்றார். பிறகு, அடுப்படியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த நியாஸைப் பார்த்தார். "மகனுக்கு இருபத்திரண்டு வயது, இல்லையா?"

நபீஸா எழுந்து நியாஸை மறைத்தாற்போல் நின்றாள். மாதா மாதம் வார்டு ஆபீஸில் ஒரு பானைக்குள் முப்பத்தைந்து வயது தாண்டாத இளவட்டங்களின் பெயர்களைப் போட்டுக் குலுக்குவார்கள். பெயர் வந்த பையன் ராணுவத்துக்குப் போக வேண்டும். போன பையன்களில் ஒருவன் மட்டும் அவன் அம்மாவுக்கு ஒரு தடவை போன் பண்ணினான். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்போதோ எல்லை தாண்டிவிட்டார்கள். நியாஸ் அவளுடைய ஒரே பிள்ளை. புருஷன் ஹஸ்ஸான் இறந்த பிறகு அவள் பெரிய டேக்சாவில் சோறு கிளறுவதெல்லாம் இந்த ஒருவனுக்காகத்தான்.

"அந்தப் பானை என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேர்தலுக்கு உழைத்த வீட்டுப் பெயர் அதிலிருந்து வராது. இது என் வாக்கு" என்றார் ஊ தௌங் பே.

அதற்கு மேல் என்ன பேச்சு? நபீஸா ஒப்புக்கொண்டாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் வார்டு மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. ஓட்டுப் போட ஒத்திகை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஒத்திகை தேவைப்படுமோ என்னவோ. புதுப் பொத்தான் மெஷினை மேஜைமேல் வைத்து உற்சாகக் குழுவின் அதிகாரி விளக்கினார். ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கினால்தான் பச்சை விளக்கு எரியும், பச்சை விளக்கு எரிந்தால்தான் வெளியே போகும் கதவைத் திறப்பார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர், "யாரையும் பிடிக்கலைன்னா எதை அமுக்குறது?" என்று கேட்டுவிட்டார்.

"அருமையான கேள்வி" என்று அதிகாரி சிரித்தார். "அப்படி ஒரு நிலைமை வராதபடி வேட்பாளர்களை நாங்களே முன்கூட்டிப் பொறுக்கி எடுத்திருக்கிறோம். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான்." பிறகு பெரியவரின் பெயரையும் வீட்டு எண்ணையும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அரை மணி நேரம், மெஷினை விட்டு வெளியே வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழக்கினார்கள். பல் தெரியச் சிரித்தால் கேலி மாதிரி இருக்குமாம், சிரிக்காவிட்டால் எதிர்ப்பு மாதிரி இருக்குமாம். நபீஸாவுக்கு அது வரவே இல்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள்.

ஓட்டு நாளில் விடிவதற்குள் பொட்டலங்கள் கட்டி முடிந்தன. மாட்டிறைச்சி சேராத வீடுகள் வார்டில் நிறைய என்பதால் எல்லாம் கோழி. சுத்த சைவக்காரர்களுக்குக் காய்கறி போட்டுத் தனியாக ஒரு சின்ன டேக்சா. அந்தப் பொட்டலங்களுக்கு மட்டும் பச்சை ரப்பர் பேண்டு போட்டாள். அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டியது பின்சந்தில் இருக்கும் பத்துப் பதினைந்து வீடுகள். அவற்றில் ஒன்று மஞ்சுளாவின் வீடு.

எண்ணூறு கேட்டால் எண்ணூறுக்கு மட்டும் உலை வைக்க நபீஸாவுக்குத் தெரியாது. அழைக்காமல் வந்து நிற்கிறவனுக்கென்று அரிசி கூடப் போடாமல் அவர்கள் வீட்டில் யாரும் டேக்சாவை மூடியதில்லை. கந்தூரிக்கும் அப்படித்தான், கல்யாணத்துக்கும் அப்படித்தான். அரசாங்கத்துக்கும் அப்படியே போட்டுவிட்டாள்.

முதல் ஓட்டே அவளுடையதுதான். மெஷின் முன்னால் நின்றபோது அவளுக்கு வேறொரு ஓட்டு ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் வெயிலில் வரிசையில் நின்று, பக்கத்தில் நின்ற மஞ்சுளாவோடு கதை பேசிச் சிரித்தபடி போட்ட ஓட்டு. சில மாதம் கழித்து ஒரு காலையில் டெலிபோன் வேலை செய்யவில்லை; சாயங்காலம் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டு அந்த ஓட்டு செல்லாது என்று சொல்லிவிட்டது. மஞ்சுளாவின் மகன் அது செல்லும் என்று சொல்வதற்காகத் தெருவுக்குப் போனான். போனவன் வரவில்லை. செல்லாத ஒன்றைப் போட்டதற்கு ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டார்களே, செல்லுகிற ஓட்டுக்கு எதை வாங்குவார்களோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனைக்கும் அவள் ஓட்டு ஜனாதிபதிக்கு நேராகப் போவதும் இல்லை. அவள் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பாள். அந்த உறுப்பினரும், யாரும் தேர்ந்தெடுக்காமலே சீருடையோடு வந்து உட்கார்கிறவர்களும் சேர்ந்து ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். எப்படிச் சுற்றினாலும் யார் வரப்போகிறார் என்பது மட்டும் மீன் மார்க்கெட்டில்கூடத் தெரிந்திருந்தது. நியாஸை நினைத்துக்கொண்டு கைக்கு எட்டின பொத்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஒத்திகையில் வராத அந்த முகம் அப்போது தானாகவே வந்துவிட்டதாக, வாசலில் நின்ற அதிகாரி பாராட்டினார்.

பிறகு அவள் மண்டபத்தில் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். அரசாங்க உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் வந்தார்கள். பென்ஷன்காரர்கள் வந்தார்கள். கடை வைத்திருக்கிறவர்கள் வந்து, வந்ததை நாலு பேர் பார்க்கும்படி நின்று, போனார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. டான்பௌ வாசனை மட்டும் தெருத் தெருவாகப் போய்ச் சாத்திய ஜன்னல்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வாசலில் நின்ற ராணுவ லாரியில் சிப்பாய்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களுக்கு ஆர்டர் இல்லை.

மூன்று மணிக்கு ஊ தௌங் பே வந்து பார்த்தார். பாதிப் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. அவற்றில் பச்சை ரப்பர் பேண்டு போட்டவை ஒன்றுகூடக் குறையவில்லை.

"அத்தனை பேரும் வந்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று நான் மத்தியானமே அறிக்கை அனுப்பிவிட்டேன்" என்றார். "அறிக்கை சரியாக இருக்கிறது. இந்தப் பொட்டலங்கள்தான் தவறாக இருக்கின்றன."

உற்சாகக் குழு அதிகாரி ஒரு பச்சை ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்தார். "இந்த அடையாளம் எதற்கு?"

ஏசுரத்தினம் அதைத் தமிழில் சொல்லவில்லை. நபீஸாவைப் பார்க்காமல், "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றான்.

முப்பது வருஷமாக இந்த வார்டுக்குச் சமைத்துப் போடுகிறவள். எந்த வீட்டில் கறி, எந்த வீட்டில் காய், எந்த வீட்டில் பூண்டுகூட ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தால் பின்சந்து மொத்தமும் லாரியில் ஏறிவிடும். மஞ்சுளா முதலில் ஏறுவாள்.

"அது காரம் கம்மி, அவ்வளவுதான்" என்றாள் நபீஸா. "எல்லாரும் வந்தாங்க, ஊ. எல்லாரும் வாங்கிட்டுப் போனாங்க. நான்தான் கூடச் சமைச்சுட்டேன். எண்ணூறு கேட்டீங்க, ஆயிரத்து இருநூறு பேருக்கு உலை வச்சுட்டேன். எங்க பழக்கம் அப்படி. கூப்பிடாம வர்றவங்களுக்கும் சேர்த்துத்தான் போடுவோம்."

ஊ தௌங் பேயின் முகம் மெல்ல மலர்ந்தது. அவர் அறிக்கை பிழைத்துவிட்டது. நபீஸா உட்காரப் போனாள். ஆனால் உற்சாகக் குழு அதிகாரி உட்காரவில்லை.

"முப்பது வருஷ அனுபவம் உள்ள சமையல்காரி, இந்த வார்டுக்கு ஆயிரத்து இருநூறு பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்" என்றார் அவர். "நம் பட்டியலில் எண்ணூறு பேர்தான் இருக்கிறார்கள். பட்டியல் போட்டவர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை. இந்த அம்மாள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போயிருக்கிறார். தாய்மார்களே, பெரியோர்களே, அரசாங்கம் ஜனங்களிடமிருந்து கற்றுக்கொள்கிறது." சிப்பந்திகள் கை தட்டினார்கள். நபீஸாவுக்கு ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்துகூடக் கொடுத்தார்கள். மிச்சப் பொட்டலங்களை லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோனார்கள்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஜனாதிபதி யாரென்று அறிவித்தார்கள்; மீன் மார்க்கெட்டில் சொன்னது சரிதான். மஞ்சுளா ஒரு நாள் வந்து நபீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். நபீஸாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, பிள்ளையும் பக்கத்தில் இருக்கிறான், இதற்கு மேல் ஒரு தேர்தலில் என்ன வேண்டும்?

பிறகு ஒரு காலையில் ஏசுரத்தினம் பின்வாசல் வழியாக வந்தான்.

"அக்கா, நீங்க சொன்ன நம்பர் மேல போயிருச்சு. இந்த வார்டுல ஆயிரத்து இருநூறு பேர்னு அங்க பதிஞ்சுட்டாங்க. ஜனம் கூடினா ஆளும் கூடத் தரணுமாம். இந்த மாசம் பத்துப் பையன் கேட்டாங்க, இப்பப் பதினஞ்சு."

நபீஸா துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு வார்டு ஆபீஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஊ தௌங் பே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேன், ஊ" என்றாள். அழக்கூடாது என்று வந்தவளுக்கு அழுகை முட்டியது. "ஆயிரத்து இருநூறு பேர் எல்லாம் இல்ல. நான் அத்தனை சமைக்கவும் இல்ல. பாதிப் பேர் அன்னிக்கு வரவே இல்ல."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டோ நபீஸா, பாதிப் பேர் வரவில்லை என்பது தேர்தலை இழிவுபடுத்தும் பேச்சு. அதற்கு ஜெயில். நீங்கள் அதைச் சொல்லவில்லை, நான் அதைக் கேட்கவில்லை. உங்கள் டான்பௌவை இரண்டு பொட்டலம் சாப்பிட்டவன் என்பதால் இந்த உதவியைச் செய்கிறேன். அப்படியே வரவில்லை என்றால், வராதவர்கள் யார் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். சொல்கிறீர்களா?"

நபீஸா இல்லையென்று தலையாட்டினாள்.

"சொல்லமாட்டீர்கள். நல்ல மனம் உங்களுக்கு" என்றார் அவர், உண்மையாகவே மெச்சியபடி.

"என் மகன் பேரு பானையிலிருந்து வராதுன்னு வாக்குக் குடுத்தீங்க."

"கொடுத்தேன். வாக்குத் தவறும் பழக்கம் எனக்கு இல்லை." மேஜைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். "பானையே இல்லை, பாருங்கள். பதினைந்து பேர் கேட்கிறார்கள். வார்டில் மிச்சம் இருக்கும் இளைஞர்களே பதினான்குதான். அப்புறம் குலுக்கல் எதற்கு? எல்லாருமே போகிறார்கள்."

பதினைந்தாவது ஆளுக்கு என்ன செய்வது என்று அவர் யோசிப்பது தெரிந்தது. யோசனை சுற்றிச் சுற்றி, கதவோரம் கோப்போடு நின்ற ஏசுரத்தினத்தின் மேல் வந்து நின்றது.

"உனக்கு என்ன வயது?"

"அடுத்த மாசம் முப்பத்தஞ்சு முடியுது, ஸயா" என்றான் ஏசுரத்தினம்.

"அடுத்த மாதம்தானே" என்று சொல்லி ஊ தௌங் பே நிம்மதியாக டீயை எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை காலையில் வழியனுப்பு விழா. சாப்பாடு உங்களுடையதுதான், டோ நபீஸா. பதினைந்து பொட்டலம். குழு இப்போது ஆட்களை எண்ணுவதில்லை. ஆட்கள் ஏமாற்றுகிறார்கள், பொட்டலம் ஏமாற்றுவதில்லை என்று சொல்கிறார்கள். அதனால் மிஞ்சாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்."

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராகப் பின்சந்துக்குப் போய் மஞ்சுளாவின் கதவைத் தட்டினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தன்னால்தான் மற்ற பிள்ளைகளும் போகிறார்கள் என்பதையும் சொன்னாள். மஞ்சுளா கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"நியாஸுக்கு எங்க பெரியவனோட சட்டை சரியா இருக்குமா?"

வெள்ளிக்கிழமை முதல் படகில் மஞ்சுளா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போனாள், அக்கா வீட்டுக்கு. கூட அவள் மகனாக நியாஸ் இருந்தான். படகுத்துறையில் அடையாளக் கார்டு கேட்கும் சிப்பாயிடம், காணாமல் போன பிள்ளையின் கார்டைத்தான் அவள் எடுத்து நீட்டுவாள் என்று பேசி வைத்திருந்தார்கள். நியாஸ் கிளம்பும்போது, "நீயும் வா உம்மா" என்று பிடிவாதம் பிடித்தான். "நான் வந்தா அடுப்பு எரியாது. எரியலைன்னா ஆபீஸ்லேருந்து இப்பவே தேடி வருவாங்க. போ வாப்பா, போ" என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் முகத்தை நன்றாகக் கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

மண்டபத்தில் ஊ தௌங் பே ஒரு மணி நேரம் பேசினார். தாய்நாட்டைப் பற்றியும், ஓட்டுப் போட்ட ஜனங்களின் ஆணையை நிறைவேற்றத் தங்கள் பிள்ளைகளையே அனுப்பும் தாய்மார்களைப் பற்றியும் பேசினார். தாய்மார்கள் மண்டபத்துக்கு வெளியே, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். சில பேர் நபீஸாவைப் பார்த்தார்கள். எந்த வாயிலிருந்து அந்த நம்பர் வந்தது என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அவள் யார் கண்ணையும் தவிர்க்கவில்லை. பார்த்துத் திட்டட்டும் என்றே நின்றாள்.

பையன்கள் வரிசையாக வந்து பொட்டலம் வாங்கி லாரியில் ஏறினார்கள். கடைசியில் ஏசுரத்தினம் ஏறினான். மேஜையில் ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது.

உற்சாகக் குழு அதிகாரி அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்தது.

"இது யாருடையது?" என்று ஊ தௌங் பே கேட்டார். "இந்தத் தடவை காரம் கம்மி என்று சொல்லாதீர்கள், டோ நபீஸா. வராதவன் யார்?"

"என் மகன் நியாஸோடது" என்றாள் நபீஸா. மொழிபெயர்க்க இன்று ஆள் இல்லை. அவளே பர்மியத்தில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவன் வரலை. எழுதிக்குங்க."

யாரும் எழுதவில்லை. ஊ தௌங் பே அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி லாரியைப் பார்த்தார். லாரியில் பெஞ்சின் ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"பதினைந்து என்று எழுதி அனுப்பியாயிற்று" என்று ஊ தௌங் பே வருத்தத்தோடு சொன்னார். "பையன் வந்து சேரும் வரைக்கும் அந்த இடம் சும்மா இருக்கக் கூடாது. தவறாக நினைக்காதீர்கள், டோ நபீஸா."

அவள் தவறாக நினைக்கவில்லை. படகு இந்நேரம் அக்கரையில் சேர்ந்திருக்கும், மஞ்சுளா அவனை ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்க நினைக்க, நம்பவே முடியாத அளவுக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். லாரி உயரமாக இருந்ததால் ஏசுரத்தினம் குனிந்து கை கொடுத்தான். ஏறி உட்கார்ந்ததும், அதிகாரி அந்தப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். கணக்குச் சரியாயிற்று என்று சொல்லி வண்டியைத் தட்டினார்.